இறால் இல்லாத கிம்ச்சி

கொரியச் சமையலைச் சைவத்தில் செய்ய முடியாது என்று சொல்கிறவர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது கிம்ச்சியைத்தான். பார்வைக்கு முட்டைகோஸ், முள்ளங்கி, மிளகாய்ப் பொடி. உள்ளே உப்பில் ஊறிய குட்டி இறாலும், நெத்திலியைப் புளிக்கவைத்து வடித்த சாறும். குழம்பு வைக்கிற தண்ணீர்கூட அங்கே பல வீடுகளில் காய்ந்த நெத்திலியைக் கொதிக்கவைத்து இறுத்ததுதான். இலையும் தண்டும் பருப்பும் சோறுமாக நிறைந்திருக்கும் மேஜையிலிருந்து ஒரு சைவக்காரர் பசியோடு எழுந்து வர நேர்வது இதனால்தான்.

புதுச்சேரி கதிர்காமத்தில், வழுதாவூர் சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், இதற்கு விடை தேடியபடி வருஷக்கணக்காகச் சமைத்தார் ஒரு பெண்மணி. இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி அந்தப் பக்கம் வருவதற்கு முன்பே, தெருவில் பாதி மனைகள் காலியாகக் கிடந்தபோதே, இவருடைய அடுப்பங்கரையில் கொரிய மிளகாய் விழுதின் வாசனை எழுந்துவிட்டது. தொடராலும் பாட்டாலும் கொரியா நம் வீடுகளுக்குள் வந்தது பிறகு. இவருக்கு அது கார் வழியாக வந்தது.

ஹூண்டாய் 1996இல் இந்தியாவுக்கு வந்து, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை கட்டியது. 1998இல் சான்ட்ரோ வெளிவந்தது. அந்த ஒரு ஆலைக்குப் பின்னால் உதிரிபாகம் செய்யும் கொரிய நிறுவனங்கள் வரிசையாக வந்து இறங்கின. பொறியாளர்களின் குடும்பங்கள் சென்னையில் வீடு எடுத்தன. அவர்களுக்காகக் கொரியச் சாப்பாட்டுக் கடைகளும் மளிகைக் கடைகளும் முளைத்தன. 2006இல் இந்திய கொரியப் பண்பாட்டு மையமான இன்கோ சென்டர் சென்னையில் தொடங்கப்பட்டது. இதற்கெல்லாம் நடுவில், உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார் இவர். கல்யாணத்துக்கு முந்தைய காலம் அது. நிறுவனத்தின் ஆண்டு விழா விருந்தில் எல்லோரும் பல கிண்ணங்களைச் சுற்றி உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் டிபன் பாக்ஸில் கொண்டுபோன தயிர் சாதத்தைச் சாப்பிட்டார். அதைக் கவனித்தவர் ஒரு பொறியாளரின் மனைவி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தம்மா இவரைத் தன் வீட்டுக்கு அழைத்தார். அவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் வீட்டு வேலைக்கு வந்த அக்காவிடம் கற்றது: போதும், வேணாம், உப்பு, நாளைக்கு. மிச்சத்தை உடைந்த ஆங்கிலமும் கையும் பார்த்துக்கொண்டன. இறால் டப்பாவை எடுத்துக் காட்டி "வேணாம்" என்றார். நெத்திலிச் சாறு பாட்டிலை எடுத்து அதையும் "வேணாம்" என்று அலமாரிக்குள் தள்ளினார். பிறகு காய்ந்த காளானையும், கறுத்துத் தடித்த ஒரு கடற்பாசிப் பட்டையையும் தண்ணீரில் போட்டுச் சின்னத் தீயில் வைத்தார். தன் அம்மா புத்தர் கோயிலுக்குப் போகிறவர் என்றும், கோயிலில் சமைப்பது இப்படித்தான் என்றும் சொன்னார்.

அன்றைக்கு இவர் புரிந்துகொண்டது முக்கியமானது. மீனை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அரைகுறைக் கொரியச் சமையல் இல்லை. மீனே சேர்க்காமல், முழுதாக, நூற்றாண்டுக் கணக்கில் வளர்ந்த இன்னொரு சமையல் அந்த நாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அதன் வேர் நம் பக்கத்தையும் தொடுகிறது. கொரியத் தீபகற்பத்தின் வடக்கில் கோகுர்யோ அரசுக்குப் பௌத்தம் வந்தது கி.பி. 372இல். தென்மேற்கில் பெக்ஜே அரசுக்கு 384இல் அதைக் கொண்டுபோனவர் மாரானந்தா என்ற இந்தியத் துறவி என்று கொரிய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 599இல் பெக்ஜே அரசன் பொப், உயிர்க்கொலை கூடாது என்று ஆணையே பிறப்பித்தான். பின்னால் ஜோசன் அரசர்கள் பௌத்தத்தை ஒடுக்கி மலைகளுக்குத் துரத்தினாலும், மலைக் கோயில்களில் அடுப்பு அணையவில்லை. காட்டுக் கீரை, வேர், காளான், சோயா, உப்பு, காலம் ஆகியவைதான் அந்தச் சமையலின் சரக்கு. 2025இல் கொரிய அரசு கோயில் சமையலைத் தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தது.

கோயில் சமையலில் மீனும் இறைச்சியும் மட்டும் விலக்கு இல்லை. ஐந்து காரப் பொருள்களும் கிடையாது. பூண்டு, வெங்காயத் தாள், பூண்டுக் கீரை, காட்டுப் பூண்டு ஆகியவை நான்கு. ஐந்தாவது பெருங்காயம். அது கொரியாவில் விளைவதில்லை என்பதால் இப்போது அந்த இடத்தில் வெங்காயத்தைச் சேர்த்துச் சொல்கிறார்கள். பூண்டை விலக்கிய நம் வீடுகள் பெருங்காயத்தை வைத்துத்தான் அந்த ருசியை ஈடுகட்டுகின்றன. அவர்களோ அதையும் சேர்த்து விலக்கியிருக்கிறார்கள். பெருங்காயமும் இல்லாமல் ஒரு குழம்புக்கு எப்படி ருசி ஏற்றுவது என்பதுதான் இவரை உண்மையில் இழுத்த கேள்வி.

இதற்கு விடை தெரிந்தவர்களில் உலகறிந்தவர் ஜொங் குவான். தெற்கு ஜொல்லா மாகாணத்தில் பெக்யாங்சா கோயிலைச் சேர்ந்த சுன்ஜினாம் என்ற சிறு மடத்தில் இருக்கும் பிக்குணி. உணவகம் நடத்தியவர் அல்லர். ஆனால் 2017இல் நெட்ஃபிளிக்சின் 'செஃப்ஸ் டேபிள்' தொடர் ஒரு பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியது. பதின்வயதில் வீட்டை விட்டு மடம் சேர்ந்த அவரைப் பிற்காலத்தில் பார்க்க வந்த அப்பா, இறைச்சி இல்லாத இடத்தில் எப்படி வாழ்கிறாய் என்று கேட்டாராம். மகள் காளானை எண்ணெயிலும் சோயா சாற்றிலும் தானியப் பாகிலும் வேகவைத்துக் கொடுத்தார். சாப்பிட்ட அப்பா சமாதானமாகி ஊர் திரும்பினார். தொடரில் அவரே சொல்கிற கதை இது. கதிர்காமத்து அம்மாள் இதைப் பார்த்தபோது அந்தக் காளானைச் செய்யக் கற்று வெகுகாலம் ஆகியிருந்தது. அது ஒரு அப்பாவை ஜெயித்த பண்டம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கல்யாணமாகி இவர் கதிர்காமம் வந்தபோது பெட்டியில் புடவைகளுக்கு நடுவே கடற்பாசிப் பொட்டலமும் இருந்தது. வந்த வீடு சைவம். முட்டை ஓடுகூட வாசலைத் தாண்டியதில்லை. முதல் தடவை பாசியைக் கொதிக்கவைத்த அன்று அத்தை, அதாவது மாமியார், பூஜை அறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

"என்னம்மா இது? வைத்திக்குப்பத்து மீன் வாடை அடிக்குது."

"பாசி அத்தை. கடல்ல வளர்ற செடி. மீன் இல்ல."

"ரம்ஜானுக்குப் பக்கத்து வீட்ல குடுப்பாங்களே, அந்தக் கடப்பாசியா?"

"அதோட சொந்தக்காரங்க அத்தை."

அத்தையின் கேள்வி சரியான கேள்வி. ராமேஸ்வரம், மண்டபம் கரைகளில் மீனவப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசிகளிலிருந்துதான் கடப்பாசி எனும் அகர் அகர் வருகிறது. ஆனால் கொரியர்கள் தாஷிமா என்று சொல்லும் பட்டைப் பாசி குளிர்ந்த கடலில் மட்டும் வளர்வது. மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பு அதற்கு ஆகாது. அதை விலை கொடுத்து வாங்கித்தான் ஆகவேண்டும். அதன் மதிப்பு அதிலுள்ள குளுட்டமேட் உப்பில் இருக்கிறது. ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகேதா 1908இல் இந்த வகைப் பாசியிலிருந்துதான் அதைப் பிரித்தெடுத்தார். அஜினமோட்டோ பிறந்ததும் அங்கிருந்தே. காய்ந்த ஷிடாகே காளானில் குவானிலேட் என்ற வேறொரு பொருள் இருக்கிறது. இரண்டும் ஒரே தண்ணீரில் சேர்ந்தால் நாக்கு உணரும் ருசி பல மடங்கு ஏறும். நெத்திலி செய்கிற வேலையை இந்தக் கூட்டணி செய்துவிடும். கொரியச் சமையலைச் சைவத்தில் முயல்கிறவர்கள் செலவழிக்க வேண்டிய இடம் இந்த இரண்டு பொருள்கள்தான். மற்றதெல்லாம் நம் வீட்டிலேயே இருக்கிறது என்று இவர் சொன்னால் அது மிகையில்லை.

உப்பையே எடுத்துக்கொள்ளலாம். கிம்ச்சிக்குத் தூள் உப்பு ஆகாது. கொரியர்கள் தேடுவது கடல்நீரை வெயிலில் காயவைத்து எடுத்த கல்லுப்பு. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள் சாலையோரமே விரிந்து கிடக்கின்றன. அந்த உப்பைத்தான் இவர் மூட்டையாக வாங்கிப் போட்டார். ஊட்டியிலிருந்து வரும் சீன முட்டைகோஸ் பெரிய மார்க்கெட்டில் எப்போதாவதுதான் கண்ணில் படும். "அந்த நீட்டு கோஸ் வந்திருக்குக்கா" என்று காய்கறிக்கார அம்மா எடுத்து வைப்பார். வராத வாரங்களில் உள்ளூர் முள்ளங்கியைச் சதுரமாக நறுக்கிப் போட்டால் கக்துகி என்ற முள்ளங்கிக் கிம்ச்சி. அது மாற்று ஏற்பாடு இல்லை. கொரியாவிலும் அதற்குத் தனி மரியாதை உண்டு.

செய்முறை பொறுமையைக் கேட்கும். கோஸை நெடுக்கில் நான்காகப் பிளந்து, இதழ் இதழாக விலக்கி, தடித்த தண்டுப் பக்கம் கல்லுப்பை அழுத்தித் தேய்க்க வேண்டும். சில மணி நேரம் கழித்துத் தண்டை வளைத்தால் முறியாமல் வளையவேண்டும். அதுதான் பக்குவம். பிறகு நன்றாகக் கழுவி வடிய விடவேண்டும். இதற்குள் அரிசி மாவில் கஞ்சி காய்ச்சி ஆறவைத்து, அதில் மிளகாய், இஞ்சி, காளான் தண்ணீர், சோயா சாறு சேர்த்துக் குழைப்பார் இவர். இனிப்புக்குக் கொரியர்கள் போடும் பேரிக்காய்க்குப் பதில், சீசனில் வரும் கொடைக்கானல் பேரிக்காயைத் துருவிப் போடுவார். பூண்டு போட்டது ஒரு ஜாடி, போடாதது அத்தைக்கு ஒரு ஜாடி.

மிளகாய் விஷயத்தில் பலர் வழுக்குகிறார்கள். வீட்டுச் சாம்பார் மிளகாயை அரைத்துப் போட்டுவிட்டு, காரம் தாங்கவில்லை என்று ஜாடியை மூடிவிடுகிறார்கள். கொரிய மிளகாய்ப் பொடி விதை நீக்கிக் கரகரப்பாக உடைத்தது. நிறம் மிகுதி, காரம் மிதம், கொஞ்சம் இனிப்பு. அதற்கு நம்மிடம் நெருங்கி வருவது கர்நாடகத்து பியாட்கி மிளகாய். காம்பையும் விதையையும் உதிர்த்து, மொட்டை மாடி வெயிலில் முறுகக் காயவைத்து, மிக்ஸியில் ஓரிரு சுற்று மட்டும் விடவேண்டும். அமெரிக்கக் கண்டத்துச் செடியான மிளகாய் நமக்குப் போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது. கொரியாவுக்குப் பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில், ஜப்பானியப் படையெடுப்புக் காலத்தையொட்டி வந்தது என்பது பரவலான கருத்து. மிளகாய் வருவதற்கு முந்தைய வெள்ளைக் கிம்ச்சி இன்றும் அங்கே இருக்கிறது. இங்கே அத்தைக்குப் பிடித்ததும் அதுதான்.

உண்மையான சிக்கல் வெயில். கிம்ச்சி குளிர்நாட்டுப் பண்டம். பனிக்காலத்துக்கு முன்னால் ஊரே கூடி நூற்றுக்கணக்கான கோஸ்களை ஊறுகாய் போடும் கிம்ஜாங் வழக்கத்தை யுனெஸ்கோ 2013இல் உலக மரபாகப் பதிவு செய்தது. மண்ஜாடியில் போட்டுத் தரையில் புதைத்துவிட்டால் நிலத்தின் குளிர்ச்சியே அதை மாதக்கணக்கில் காத்தது. அடுக்குமாடி வாழ்க்கை வந்தபின், கிம்ச்சிக்கென்றே தனிக் குளிர்சாதனப் பெட்டி செய்தார்கள். 1995இல் வந்த திம்சே அதில் பெயர் பெற்றது. கதிர்காமத்தில் சித்திரை மாதத்து அடுப்பங்கரைச் சூடு இதற்கெல்லாம் நேர் எதிர்.

இங்கே இவருக்குக் கைகொடுத்தது இட்லி மாவு. லியூகோநாஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்ற பாக்டீரியாதான் இட்லி மாவைப் பொங்கவைப்பதில் முன்னால் நிற்பது. கிம்ச்சியில் முதல் கட்ட நொதித்தலைத் தொடங்கிவைப்பதும் அதே இனம்தான். கிம்ச்சியில் இருக்கும் மெல்லிய சுறுசுறுப்பு அது விடும் வாயுவால் வருகிறது. குளிரில் அது நிதானமாக நாள்கணக்கில் வேலை செய்யும். சூடு ஏறினால் அதன் ஆட்டம் சீக்கிரம் முடிந்து, அமிலத்தை அதிகம் தாங்குகிற லாக்டோபேசில்லஸ் வகைகள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மிஞ்சுவது வெறும் புளிப்பு. வெயில் காலத்தில் மாவை எப்போது ஃபிரிட்ஜில் எடுத்து வைக்கவேண்டும் என்று தெரிந்த எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் கிம்ச்சியை எப்போது எடுத்து வைக்கவேண்டும் என்று தெரியும். மார்கழியில் ஒரு நாள் வெளியே இருக்கலாம். சித்திரையில் சாயங்காலம் கலந்தால் ராத்திரி படுக்கும் முன்பு உள்ளே போய்விட வேண்டும். முகர்ந்து பார்த்தே அத்தை நேரம் சொல்வார். அவருடைய மூக்கு மாவில் பழகிய மூக்கு.

எள்ளெண்ணெயில் ஒரு நுணுக்கம் உண்டு. நம் நல்லெண்ணெய் பச்சை எள்ளை, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்துச் செக்கில் ஆட்டியது. கொரியர்களுடையது எள்ளைச் சிவக்க வறுத்தபின் பிழிந்தது. இரண்டுக்கும் வாசனையில் பெரிய தூரம். இவர் கடையில் வாங்குவதை விட்டுவிட்டு வேறு வழி கண்டார். வெள்ளை எள்ளை வெடிக்க வெடிக்க வறுத்து, சூட்டோடு உரலில் இடித்து, செக்கு எண்ணெயில் போட்டு மூடி வைத்தார். ஊறியபின் அந்த எண்ணெயில் ஒரு கரண்டி கீரைமேல் விழுந்தாலே வீடு மணக்கும்.

கீரையைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சமையலைச் சொல்ல முடியாது. நாம் கீரையைக் குழைய வேகவைத்துக் கடைகிறோம். அவர்கள் கொதிக்கும் நீரில் சில நொடிகள் முக்கி எடுத்து, குளிர்ந்த நீரில் போட்டு, ஒட்டப் பிழிந்து, எள்ளும் எண்ணெயும் சோயா சாறும் விட்டுக் கையால் பிசைகிறார்கள். அதுதான் நமுல். இந்த முறை பிடிபட்டதும் புதுச்சேரி மார்க்கெட்டுக் கூடை முழுவதும் இவருக்குத் திறந்துகொண்டது. பசலை, முளைக்கீரைத் தண்டு, முளைகட்டிய பயறு, கேரட், சுரைக்காய். கொரியர்கள் விரும்பும் மினாரி என்ற நீர்க்கீரை இங்கே இல்லை. ஆனால் வல்லாரை அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் லேசான கசப்பு நமுலுக்கு நன்றாகப் பொருந்தியது. பறங்கிக் கொழுந்து இலையை ஆவியில் வேகவைத்து, அதில் சோறும் துவென்ஜாங் விழுதும் வைத்து மடித்துச் சாப்பிடுவது கொரியக் கிராமத்து வழக்கம். கதிர்காமத்து வீட்டுக் கொல்லையில் பறங்கிக் கொடிக்குக் குறைவே இல்லை. இந்த நமுல் வகைகளைச் சோற்றின் மேல் அடுக்கி, கொச்சுஜாங் என்ற மிளகாய் விழுதை வைத்துக் கிளறினால் பிபிம்பாப். மாட்டிறைச்சியும் முட்டையும் இல்லாத அந்தக் கிண்ணத்தில் எதுவும் குறைவதாக இவருக்குத் தோன்றியதில்லை.

துவென்ஜாங் சோயா விழுது. வேகவைத்த சோயாவை இடித்துக் கட்டியாகப் பிடித்து, வைக்கோலில் கட்டித் தொங்கவிட்டு, பூசணம் பிடிக்கவைத்து, உப்புநீரில் மாதக்கணக்கில் ஊறவைத்து எடுப்பது. ஜாங் செய்யும் இந்தக் கலையை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ உலக மரபாக ஏற்றது. இதை இவர் வீட்டில் செய்ய முயலவில்லை. சென்னைக் கொரியக் கடையில் வாங்கினார். வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் படிக்கவேண்டும். குழம்புக்கென்று தயாராக விற்கும் சில வகைகளில் நெத்திலியோ சிப்பிச் சாறோ கலந்திருக்கும்.

குழம்புக்கு இவர் எடுத்தது அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர். கொரிய வீடுகளில் அதுதான் வழக்கம் என்று அந்தப் பொறியாளர் மனைவி சொன்னபோது இவருக்கு ஆச்சரியமே இல்லை. கழுநீரில் புளி கரைத்த வீட்டிலிருந்து வந்தவர். அதில் காளானும் சுரைக்காயும் டோஃபுவும் போட்டு, துவென்ஜாங்கைக் கரைத்து விட்டால் முடிந்தது. ஆரோவில் பக்கம் டோஃபு கிடைத்தாலும், இவர் அதை வீட்டிலேயே செய்யப் பழகியதற்குக் காரணம் மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் கல்லுப்பு ஈரத்தை இழுத்துக் கசியும். வடியும் அந்தக் கசப்புத் தண்ணீரில் மக்னீசியம் குளோரைடு மிகுதி. கொரியர்கள் உப்பு மூட்டையைத் தொங்கவிட்டு அதைச் சேகரித்து, சோயாப் பாலைத் திரிக்கப் பயன்படுத்தியவர்கள். மரக்காணத்து உப்பை ஒரு துணிப் பையில் கட்டிக் கீழே கிண்ணம் வைத்தார் இவர். அடைமழையில் கிண்ணம் நிறைந்தது. நம் வீடுகளில் கசிந்து வீணாகிற அந்த நீர், சூடான சோயாப் பாலில் சொட்டுச் சொட்டாக விழுந்ததும் பால் பூப்பூவாகத் திரண்டது. எலுமிச்சைச் சாற்றில் திரித்த டோஃபு புளிக்கும், உதிரும். இது வழுவழுப்பாக, லேசான இனிப்போடு வந்தது.

வெயிலுக்கும் பயன் உண்டு. கோயில் சமையலில் புகக் என்று ஒன்று: இலையிலோ பாசித் தாளிலோ பசையரிசிக் கூழைப் பூசி, வெயிலில் சருகாகக் காயவைத்து, வேண்டும்போது எண்ணெயில் பொரிப்பது. கத்திரி வெயிலில் அத்தை மாடியில் கூழ் வடாம் பிழியும் நாளிலேயே இவர் பக்கத்தில் இன்னொரு வேட்டியை விரித்து, பறங்கி இலைகளிலும் பாசித் தாளிலும் கூழைத் தடவி அடுக்கினார். பசையரிசிக்கு இவர் எடுத்தது கருப்புக் கவுனி. காக்கை ஓட்ட உட்கார்ந்த பிள்ளைகள் இரண்டுக்கும் சேர்த்தே காவல் இருந்தார்கள்.

கிழக்காசியச் சாப்பாடு இந்த ஊருக்குப் புதிதில்லை என்பதும் உதவியது. பிரெஞ்சுப் படையிலும் அரசு வேலையிலும் இந்தோசீனாவுக்குப் போன புதுச்சேரிக் குடும்பங்கள், 1954க்குப் பிறகும் 1975இல் சைகோன் வீழ்ந்தபோதும் திரும்பி வந்தன. வியட்நாமியச் சமையலும் கூடவே வந்தது. அரிசித் தாளில் சுருட்டிப் பொரிக்கும் நெம் பல வீடுகளின் விசேஷப் பலகாரம் ஆயிற்று. அப்படி ஒரு வீட்டில், சைவ விருந்தாளியான இவருக்காகக் கோஸும் காளானும் கண்ணாடிச் சேமியாவும் வைத்துத் தனியே நெம் பொரித்தார்கள். அந்த வீட்டுப் பெரியம்மாவிடமிருந்துதான் பயறு மாவில் செய்த கண்ணாடிச் சேமியா இவருக்குக் கிடைத்தது. கொரியர்களின் ஜாப்சே என்ற சேமியாப் பண்டத்துக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் செய்த சேமியா வேண்டும். அது இன்னும் தடிமனாக, ரப்பர் போல இழுபடும். பயறுச் சேமியாவில் செய்தபோது அந்த இழுவை கிடைக்கவில்லை. ருசி கிடைத்தது. ஜாப்சே விஷயத்தில் மட்டும் சரியான சேமியாவை வாங்கிவிடுவதே நல்லது என்பது இவர் கட்சி.

அத்தையை முழுதாக இந்தப் பக்கம் இழுத்தது பிந்தேத்தொக். தோல் நீக்கிய பாசிப்பயறை ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்து, முளைப்பயறும் பழைய கிம்ச்சியும் நறுக்கிப் போட்டு, கல்லில் எண்ணெய் தாராளமாக விட்டுச் சுடுவது. சியோலின் குவாங்ஜாங் சந்தையில் கல் ஆட்டுரல்களில் மாவை அங்கேயே அரைத்துச் சுட்டு விற்கிறார்கள். பன்றிக்கொழுப்பில் சுடுவது அங்கே பழைய வழக்கம். நல்லெண்ணெயிலும் அதன் ஓரம் நன்றாக முறுகுகிறது. பிந்தேத்தொக்கைப் பிட்டு வாயில் போட்ட அத்தை, "இது நம்ம அடைதான். இதுக்கா இவ்ளோ பேரு?" என்று கேட்டுவிட்டு இன்னொன்று போடச் சொன்னார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைப் பலகாரப் பட்டியலில் அது சேர்ந்துகொண்டது. புளித்துப் போன கிம்ச்சியைத் தூக்கிப் போடுகிற பேச்சும் வீட்டில் நின்றது.

2013க்குப் பிறகு புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழில் பேசவைத்தது. பெருந்தொற்று ஊரடங்கில் கைபேசி மிச்சத்தைச் செய்தது. தெருப் பிள்ளைகள் கடைகளில் ராம்யன் நூடுல்ஸ் பொட்டலம் தேட ஆரம்பித்தார்கள். எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் "ஆன்ட்டி, இது வெஜ்ஜா?" என்று இவரிடம்தான் வந்து நீட்டுவார்கள். பச்சை வட்டமா, பழுப்பு முக்கோணமா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். படம் முழுக்கக் காய்கறி இருந்தாலும் சாற்றுத் தூளில் மாட்டிறைச்சி இருக்கலாம் என்பதைப் பிள்ளைகள் அப்படித்தான் கற்றார்கள்.

அவர்கள் கேட்டது தொக்பொக்கி. திரையில் சிவப்பாக மின்னும் அந்த அரிசி உருளைகள். கொச்சுஜாங் போட்ட இந்த வகை பழம்பண்டம் அல்ல, 1950களில் சியோலின் சிந்தாங் தோங் பகுதியில் பரவியது. அரண்மனையில் செய்தது சோயா சாற்றில். தெருக்கடை வகையில் நெத்திலித் தண்ணீரும் மீன் அப்பளத் துண்டும் தவறாது. இவர் பச்சரிசியை ஊறவைத்து ஈரமாவாக இடித்து, உப்புத் தண்ணீர் தெளித்து ஆவியில் வேகவைத்து, சூடாக இருக்கும்போதே உரலில் போட்டுக் குத்தினார். நம் அரிசிக்குப் பசை குறைவு. ஆறினால் விண்டுபோகும். கொஞ்சம் ஜவ்வரிசி மாவு சேர்த்தபின் வளைந்துகொடுத்தது. எண்ணெய்க் கையோடு விரல் கனத்துக்கு உருட்டி, பாசியும் காளானும் கொதித்த தண்ணீரில் கொச்சுஜாங்கும் வெல்லமும் கரைத்து, அதில் போட்டு வற்றவிட்டார். மீன் அப்பளத்தின் இடத்தில் பொரித்த டோஃபு.

மாடிப்படியில் உட்கார்ந்து தின்ற பிள்ளைகளில் ஒரு பெண், திரையில் பார்த்ததுபோல இது வழுக்கவில்லை என்றாள். இவர் சண்டைக்குப் போகவில்லை. அடுத்த முறை ஜவ்வரிசியை இன்னும் ஒரு பிடி கூட்டிப் பார்க்கலாம், மாவைக் குத்துவதற்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீயும் வா என்றார். அந்தப் பெண் வந்தாள், கூடவே அவள் அம்மாவும்.